ஒரே செவ்வாயில்

இயன்மருத்துவம் செவ்வாய்.
பேச்சுப் பயிற்சி வியாழன்.
கண் கிளினிக் மாதத்தின் இரண்டாம் புதன்,
டொக்டர் லீவில் இல்லையென்றால்.

எழுவைதீவில் இருந்து ஒரு பிள்ளையை
இடுப்பில் வைத்துக்கொண்டு
விடியப்புறம் வள்ளம் ஏறி,
ஊர்காவற்றுறையில் இறங்கி,
பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று,
பண்ணைப் பாலம் தாண்டி வருகிற ஒருத்திக்கு
இது மூன்று பயணம், மூன்று நாள் கூலி
என்று அட்டவணை போட்டவருக்குத் தெரியாது.
அவரில் பிழையில்லை.
அவருடைய மேசையில் கடல் இல்லை.

என் பதவியின் பெயர் நீளம்.
கதவுப் பலகையில் இரண்டு வரி பிடிக்கும்.
செய்கிற வேலை சின்னன்:
ஒரு அறையில் சொன்னதை
மற்ற அறைக்குக் காவிக்கொண்டு போவது.

நிரோசினி முதல்நாள் வந்தபோது
சொப்பிங் பை நிறையத் துண்டுகள்.
பிறந்த நிறை என்ன, உடனே அழுததா,
எல்லா அறையிலும் அதே கேள்வி.
பதினொரு தரம் பதில் சொன்னவள்
பன்னிரண்டாம் தரம் வாய் திறக்கவில்லை.
பையை என் மேசையில் கவிழ்த்தாள்.
துண்டுகளோடு ஒரு பிஸ்கற்றும் விழுந்தது.
பிள்ளை அதைப் பார்த்தது.
பிள்ளை பார்த்ததை நான் பார்த்தேன்.

ஷெரோமி. இரண்டு வயது, ஒன்பது மாதம்.
இடக்கை எப்போதும் பொத்தினபடி,
யாரோ கொடுத்த காசைத்
தொலைக்காமல் வைத்திருப்பதுபோல.

"பொறுத்துப் பாப்பம் எண்டு சொன்னவை மிஸ்.
தானாச் சரிவருமாம்."
பொறுத்ததில் போனது ஒன்றரை வருடம்.
அதை நிரப்ப
எந்தப் படிவத்திலும் கோடு இல்லை.

ஏழு ஃபோன் எடுத்தேன்.
கடிதம் ஒன்று எழுதினேன்,
உரிய வழியில் அனுப்பும்படி திரும்பி வந்தது.
உரிய வழியில் அனுப்பினேன்.
இயன்மருத்துவர் கமலநேசனோடு
ஒரு பிளேன்ரீ, அரை மணித்தியாலம்.
பேச்சுப் பயிற்சி மிஸ்ஸின்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி எனக்குக் கடன்.
கண் டொக்டர் மட்டும் கேட்டார்:
"ஒரு பிள்ளைக்காகவா?"
"ஓம்" என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு
அவரே நாட்காட்டியைத் திருப்பினார்.

எட்டரை. பத்து. பதினொன்றே முக்கால்.
மூன்றும் ஒரே செவ்வாயில்.
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்,
பேனை கடதாசியைக் கிழிக்குமளவுக்கு.

அன்றைக்குச் சோளகம் எழும்பியது.

"மிஸ், வள்ளம் விடேல்ல.
இறங்குதுறையிலதான் நிக்கிறன்.
பிள்ளைக்கு நல்ல சட்டையும் போட்டு..."
மிச்சத்தைக் காற்று எடுத்தது.

மூன்று கதவையும் தட்டி
மன்னிப்புக் கேட்டேன்,
காற்றின் சார்பில்.
கமலநேசனின் அறையில், தரையில்
பாய் விரித்தபடி கிடந்தது.

திரும்ப அடித்தாள்.
"ஒண்டு சொல்ல மறந்திட்டன்.
புட்டு ஊட்டேக்க கரண்டியைப் பறிச்சு எறியிறாள்.
இப்ப கொஞ்ச நாளா இந்தப் பழக்கம்.
அடிக்க வேண்டாம் எண்டனீங்கள், அடிக்கேல்ல.
இண்டைக்குக் கரண்டி கடலுக்குள்ள போட்டுது."

கமலநேசன் என் ஃபோனை நோக்கிக் குனிந்தார்.
"எந்தக் கை?"

காற்று. ஒரு காகம்.
யாரோ கயிறு இழுக்கிற சத்தம்.
"இடக்கை" என்றாள்.
பிறகு, எங்களுக்கில்லாமல்,
"இடக்கை."

கோவையில் 'முன்னேற்றம்' என்ற கட்டம்
தீப்பெட்டி அளவு.
'கரண்டியைக் கடலுக்குள் எறிந்தாள்' என்று எழுதி
ஓரத்துக்கு வழிந்தேன்.
'வருகை' என்ற கட்டத்தில்
'சமுகமளிக்கவில்லை' என்றுதான் போட வேண்டும்.
போட்டேன். கையெழுத்து. திகதி.

பிறகு கண் டொக்டருக்கு மறுபடி எடுத்தேன்,
திட்டு வாங்கத் தயாராக.

அடுத்த செவ்வாய்
காற்று எப்படியாம் என்று கேட்டார்.