எண்கோணம்

இக்கிகே நகரில் மழை பெய்வதில்லை.
பள்ளிச் சுவர்களில் கடலுப்பு படியும்,
அதன்மேல் மீன்தூள் ஆலையின் வாடை படியும்.
மார்ச்சில், வகுப்புகள் தொடங்கிய மூன்றாம் வாரம்
எடை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
வேலையில் சேர்ந்து பதினோரு நாள்.
வெள்ளைக் கோட்டில் கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

வரிசையில் ஏழாவது, யெர்கோ.
வயது பதிமூன்று.
காலணியைக் கழற்றினான், சரி.
பெல்ட்டையும் கழற்றினான்.
சாவி, இரண்டு நாணயம், கசங்கிய பேருந்துச் சீட்டு
எல்லாம் பையிலிருந்து தரைக்கு வந்தன.
கடைசியில் மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறினான்,
காற்றுக்கும் கனம் உண்டென்று பயந்து.

நான் எண்ணை உரக்கச் சொன்னேன்.
பட்டியல் எழுதுபவர் தள்ளி உட்கார்ந்திருந்தார்,
அதனால்தான்.
அதனால்தான் என்று
இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
நான் எடை பார்த்தேன்,
அவர்கள் எடை போட்டார்கள்.

ஏப்ரல் முழுக்க அவன் மதியத் தட்டு
போனபடியே திரும்பியது,
பீன்ஸ் குழம்பின்மேல் ஏடு கட்டி.
மே மாதம் மைதானத்தில்
பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்க
அவன் விழுந்தான்.
என்னிடம் கூட்டி வந்தபோது மூன்று கிலோ குறைந்திருந்தது.
"நல்ல முன்னேற்றம்" என்றார் வகுப்பாசிரியர்.
நானும் தலையாட்டியிருப்பேன்,
உதடு அவ்வளவு வெளுத்திராவிட்டால்.

இரவு என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன்.
பாதிரியார் முன் மண்டியிட்டவன் குரலில் சொன்னான்:
ரொட்டி. சாசேஜ். மயோனைஸ். கோலா.
அம்மாவுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
பத்து மணிக்குப் பசிக்கும்,
தெருமுனைக் கடை திறந்திருக்கும்.
எல்லாவற்றையும் குற்றமாகவே சொன்னான்,
பசியையும் சேர்த்து.

கூட வந்திருந்த தங்கை மில்லராய், ஆறு வயது,
தன் நோட்டை என் மேசையில் விரித்தாள்.
எங்கள் நாட்டில் சர்க்கரை மிகுந்த பொட்டலத்தில்
கருப்பு எண்கோண முத்திரை குத்தியிருக்கும்,
உப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, கலோரிக்கு ஒன்று.
எச்சரிக்கை.
கத்தரித்து ஒட்டியிருந்தாள், பக்கம் பக்கமாக.
நூற்றுப் பன்னிரண்டு.
நான்கு முத்திரையும் உள்ள பிஸ்கட்டுக்காகக்
கடையில் உருண்டு அழுவாளாம்.
சட்டம் எழுதியவர்கள் இவளை எண்ணிப் பார்க்கவில்லை.
நான் சிரித்துவிட்டேன்.
யெர்கோவும்.

இழுப்பறையில் ஓர் உணவு அட்டவணை இருந்தது,
சால்மன் மீனும் பாதாமும் போட்டது.
இழுப்பறையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.
"பருப்பு வேக எவ்வளவு நேரமாகும்?" என்றான்.
ஐந்து வருடம் படித்தவள் நான்,
ஒரு கப் பருப்பில் எத்தனை புரதம் என்று தெரியும்,
நேரம் தெரியாது.
ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் இருந்த அம்மாவை அழைத்தோம்.
இரைச்சலுக்கு மேல் கத்தினாள்:
"அரை மணி! உப்பைக் கடைசியில் போடு!"

செப்டம்பரில் வந்தார்கள்.
முதல் தடவை அடி பிடித்ததாம்.
இரண்டாவது, தண்ணீராம்.
மூன்றாவதில் மில்லராய் இரண்டு தட்டு சாப்பிட்டாளாம்.
கோலா சனிக்கிழமை உண்டு, பனிக்கட்டி போட்டு.
ஊருக்குப் பின்னாலிருக்கும் மணல்மேட்டில் தினமும் ஏறுகிறான்.
எடைக்காகவா என்றேன்.
பாராகிளைடர்கள் இறங்குவதைப் பார்க்க, என்றான்,
என்ன கேள்வி இது என்ற முகத்தோடு.

இயந்திரத்தில் முதுகைக் காட்டி நின்றான்.
மார்ச்சின் அதே எண்,
ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.
உயரம் மட்டும் நான்கு சென்டிமீட்டர்.
"அப்படியென்றால்?"
"பேண்ட் பத்தாது, புதுசு வாங்கு."

அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன்,
எண் ஒளிரும் கண்ணாடிமேல்
கருப்பாய் ஓர் எண்கோணம்,
பசை காயாமல்.
வெளியே அடுத்த பிள்ளை
காலணியைக் கழற்றும் சத்தம்.
நகத்தால் ஓர் ஓரத்தை மட்டும் பெயர்த்தேன்,
நான் குனிந்தால்
எனக்குத் தெரியும் அளவுக்கு.