இரவு வாடகை

ஜூலையில் எங்கள் தீவில் இரவு கிடையாது.
ஆனாலும் வாடகையை
இரவுக் கணக்கில்தான் வாங்குகிறோம்.

மேசையில் கடற்கரை வரைபடம்.
சுருளும் ஒரு மூலையில் மீனெண்ணெய்ப் புட்டி,
மறுமூலையில் ஆஸ்லாக்கின் முழங்கை.
அவன் படகு நேரம் படிக்கிறான்.
நான் அறை தேடுகிறேன்.

எங்கள் வீட்டை ஒன்பது இரவுக்கு எடுத்திருக்கிறது
ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு குடும்பம்.
இரவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு குரோனர்.
முதல்முறை எழுதியபோது வெட்கமாக இருந்தது.
இரண்டாம்முறை இல்லை.
குளியலறைக் குழாய் சொட்டுவதை
விளம்பரத்தில் நான் சொல்லவில்லை.

அந்தக் காசில் தெற்கே போய்வரலாமென்று
பிப்ரவரியில்,
விளக்கு போட்டுச் சாப்பிட்ட ஒரு மதியத்தில்
முடிவு செய்தோம்.
பதினேழு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரிக்கிறேன்,
நம் கரையையே நான் பார்த்ததில்லை என்றேன்.
பார்க்க என்ன இருக்கிறது, கடல்தானே என்றான்
பாதி ஆயுளைப் படகில் கழித்தவன்.

முதல் இரவு:
போடோவில் நாத்தனார் வீட்டு சோபா. இலவசம்.
அவள் பேச்சைக் கேட்பதற்கான செலவை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டாம் இரவு:
கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் ஒரு மாடியறை.
மூவாயிரத்து நூறு. துண்டுக்குத் தனிக்காசு.
கொள்ளைக்காரி என்று திட்டிக்கொண்டே
வீட்டுக்காரியின் பெயரைப் பார்த்தேன்.
போர்க்ஹில்ட். என் வயதிருக்கும்.
கோடையில் வீட்டைக் காலி செய்துவிட்டு
நாங்களும் பயணம் போகிறோம் என்று எழுதியிருந்தாள்.
எங்கே போவாள்?
வடக்கே, எங்கள் பக்கமாகவும் இருக்கலாம்.
இந்நேரம் தன் மேசையில் உட்கார்ந்து
என் பெயரைப் படித்துத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் இரவுக்கு
ஏழு சகோதரிகள் மலையடியில்
ஒரு விடுதிக்குப் போன் செய்தேன்.
"ஜூலையா? எந்த வருடத்து ஜூலை?" என்றான்
ஒரு பையன். கிண்டல் இல்லை,
நிஜமாகவே கேட்டான்.

ஆகவே மூன்றும் நான்கும் கார்.
பின் இருக்கையை மடக்கி அளந்தோம்:
நூற்று எழுபத்தொன்று.
ஆஸ்லாக் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
மிச்சத்தை மடித்துக்கொள்கிறேன் என்றான்.

ஐந்தாம் இரவு அறை ஒரு கரையில்,
அதற்கு முந்தைய மாலை இன்னொரு கரையில்.
நடுவே ஓடும் கடைசிப் படகு எட்டு மணிக்கு.
தவறவிட்டால்
அக்கரையில் நாம் படுக்காத கட்டிலுக்கும்
இக்கரையிலிருந்து பணம் கட்டவேண்டும்.
அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் கிழிந்து
ஃபியோர்டு ஒன்று கூடுதலாக உண்டானது.

ஆறு, ஏழு, எட்டு எப்படியோ நிரம்பின.
அதில் ஒன்று, அவன் பழைய மாலுமி நண்பனின்
வண்டிக் கொட்டகை.

ஒன்பதாவதுதான் சிக்கல்.
சனிக்கிழமைப் படகில் காருக்கு இடமில்லை.
வெள்ளியன்றே வந்து இறங்கவேண்டும்.
விருந்தாளிகள் கிளம்புவதோ
மறுநாள் காலை பதினொன்றுக்கு.
ஊரில் வேறு அறை?
எங்கள் வீட்டைவிட விலை.

வேலியில்லா நிலத்தில் யாரும் கூடாரம் போடலாம்,
வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி.
நாட்டுச் சட்டம்.
"யார் வீட்டிலிருந்து?" என்றான் ஆஸ்லாக்.
பிறகு இருவருமே சிரித்துவிட்டோம்.

கயிற்றின் ஒரு நுனியை
எங்கள் வாசற்படியில் கட்டிவிட்டு நடந்தோம்.
மரச்சட்டங்களில் காட் மீன்கள்
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன, மே மாதம்.
ஜூலையில் இந்த நாற்றம் இருக்காது.
விளம்பரத்தில் அதையும் சொல்லவில்லை.
நூற்று நாற்பதில் சேறு.
நூற்றைம்பத்து மூன்றில் ஒரு சமதளம்,
கூடாரத்துக்கு அளந்து வைத்ததுபோல.

திரும்பிப் பார்த்தேன்.
சிவப்புச் சுவர். இரண்டு சன்னல்.
பின்னால் மலை செங்குத்தாக நிற்க,
இரு பக்கமும் தண்ணீர் வெளிச்சம்.
இருபத்திரண்டு வருடமாக
சமையலறை உள்ளிருந்துதான் இதைப் பார்த்திருக்கிறேன்.

"இரண்டாயிரத்து எண்ணூறு குறைச்சல்" என்றேன்.

அவன் கயிற்றை முழங்கையில் சுற்றியபடி
முன்னே இறங்கினான்.
"நாளைக்கு அந்தக் குழாயை மாற்றிவிடலாம்."