வலப்பக்கம் வருபவருக்கு

அரசாங்க சைக்கிள் எங்கள் ஊருக்கு
உருண்டு வரவில்லை.
நாகலூரிலிருந்து அப்பாவின் தோளில் ஏறி,
ஓடையில் கால் நனையாமல்,
பலாமர மேட்டில் இரண்டு தரம் இறங்கி
இளைப்பாறி வந்தது.
சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை.
கேரியரில் மிளகுச் சாக்கை மடித்து வைக்கிறாள் அம்மா.
பெல் மட்டும் தம்பிக்கு.
நாளைக்கு நூறு தடவை.

"சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க"
என்றார் டிராஃபிக் போலீஸ் பரிமளா.
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
முப்பத்தோரு பேர்.
நானும் தூக்கினேன்.
தள்ளிக்கொண்டு போவதும்
ஒரு மாதிரி ஓட்டுவதுதானே.

சேலத்தில், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஒரு பூங்கா,
அதற்குள் ஒரு குட்டி ஊர்.
இடுப்புயர சிக்னல், தகரத்தில் பெட்ரோல் பங்க்,
நோயாளி இல்லாத ஆஸ்பத்திரி,
'ஒலி எழுப்பாதே' பலகை மேல்
கத்திக்கொண்டு ஒரு காக்கை.
எல்லாரும் அதையெல்லாம் பார்த்தார்கள்.
நான் தரையைப் பார்த்தேன்.
கோலிக்குண்டை வைத்தால்
வைத்த இடத்திலேயே நிற்கும் தரை.
நிலம் இத்தனை நீளத்துக்கு
மல்லாந்து படுக்குமா?

எப்போதும் இடப்பக்கமே செல் என்றார்.
எழுதிக்கொண்டோம்.
எங்கள் தடத்தில் இறங்கும்போது
இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் வெறும் காற்று.
ஏறும்போது இடப்பக்கம் காற்று.
செவ்வந்தி அதைக் கேட்டே விட்டாள்.
பரிமளா தொப்பியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.
"உங்க ஊருக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேம்மா."

என் முறை வந்தது.
ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கியது,
முதல் சுற்றில் பெட்ரோல் பங்க் விழுந்தது.
நான் விழவில்லை.
இரண்டாவது சுற்றில் நானும்.
மூன்றாவதில் யாரும் சிரிக்காத நேரம் பார்த்து
சிவப்பு எரிந்தது.
எதிரே ஆளில்லை. குறுக்கே ஆளில்லை.
காக்கையும் போயிருந்தது.
ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.
இல்லாத ஒருவர் போய் முடிக்கட்டும் என்று
அவ்வளவு நேரம் காத்திருந்தது
அதுதான் முதல் தடவை.
அவர் மெதுவாகத்தான் போனார்.

திரும்பும் பஸ்ஸில், ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
யாரோ ஆரம்பித்தார்கள்.
வலப்பக்க ஜன்னல்காரர்கள் எல்லாம் கையை நீட்டி
வலப்பக்கம் திரும்புகிறோம்,
அடுத்த வளைவில் கையைச் சுழற்றி
இடப்பக்கம் திரும்புகிறோம்,
மலைக்கும் மூங்கிலுக்கும் குரங்குகளுக்கும்
முறைப்படி அறிவித்தோம்.
"கையை உள்ள போடுங்க! இதையா கத்துக்கிட்டு வந்தீங்க?"
கண்டக்டர் விசில் ஊதினார்.
இதைத்தான் சார்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
அப்பா டார்ச்சோடு நின்றிருந்தார்.
நானும் செவ்வந்தியும் அவர் பின்னால்.
பலாமர மேட்டுக்குக் கீழே
காப்பிச் செடிகள் விலகின.
முதலில் மூச்சு.
பிறகு வெள்ளைக் காலுறை போட்ட கால்கள்.
பிறகு, பிறகு என்று
முடியாமல் வந்துகொண்டே இருந்தது காட்டெருமை.

அப்பா டார்ச்சைத் தாழ்த்தினார்.
என் கை தானாக மேலே போயிருந்தது,
உள்ளங்கை முன்பக்கம்:
பின்னால் வருபவர்களே, நான் நிற்கப்போகிறேன்.
பின்னால் செவ்வந்தி மட்டும்.
"எந்தப் பக்கத்திலிருந்து வருது?" என்றாள்
உதடு அசையாமல்.
வலப்பக்கம்.
"அப்ப அதுக்குத்தான் வழி."

தடத்தின் நடுவில் அது நின்றுவிட்டது.
விளக்கில்லை, விசிலில்லை,
கோடு போட்ட தரையுமில்லை.
எங்களைப் பார்த்ததா,
எங்களைத் தாண்டிப் பார்த்ததா தெரியவில்லை.
கை வலிக்கிறது. இறக்கவில்லை.

மேலே வீட்டில்
தம்பி பெல் அடிக்க ஆரம்பிக்கிறான்.
அதன் ஒரு காது திரும்புகிறது.
அடேய் என்று கத்தவும் முடியாமல்
நிற்கிறோம்
மூன்று பேரும்.