மூன்றாம் எண் கணினி

ஏழு மணிக்கு நூலகத்தைச் சாத்துவேன்.
முதலில் விறகடுப்பின் வாயை அடைப்பேன்,
பிறகு நான்கு கணினிகள்.

ஆன்குத் ஊரில் ஜூன் மழை
மேலிருந்து பெய்வதில்லை.
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
வருகிறவர்கள் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு
கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு
விசைப்பலகை முன் உட்காருவார்கள்,
ஆளுக்கு முப்பது நிமிடம்.

ஒருவர் தன் செல்பேசியை விற்றுவிட்டார்.
ஒருத்தியுடையதைக் கணவன் உடைத்துவிட்டான்.
எலியேசர் பரியாவின் செல்பேசி
சால்மன் கூண்டுக்குள் விழுந்தது.
"இந்நேரம் ஏதாவது மீன்
என் பாஸ்வேர்டைப் படிச்சிருக்கும்" என்றார்,
சிரிக்காமல்.

பிரவுசரில் திறந்தால் அந்தத் தளம் முதலில் கெஞ்சும்:
செயலியில் வந்தால் இன்னும் நன்றாயிருக்குமே.
மறுக்க அது தரும் பொத்தான் ஒன்றுதான்:
'இப்போது வேண்டாம்.'
எப்போதும் வேண்டாம் என்று சொல்ல அங்கே வழியில்லை.
எலியேசர் தினமும் அதை நடுவிரலால் அழுத்துவார்.
சுட்டுவிரலை வலை கிழித்திருந்தது.

கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா
என்றும் கேட்கும்.
வேண்டாம் சொல்லுங்கள் என்பேன் எல்லோரிடமும்.
ஒட்டிலியா மட்டும் கேட்கமாட்டாள்.
"வச்சுக்கட்டுமே,
யாராவது ஒருத்தர் என்னை நினைவு வச்சிருக்கட்டும்."

எழுந்துபோகும்போது திறந்தபடி விட்டுவிடுவார்கள்.
யாரோ ஒருத்தியின் பிறந்தநாள், பதினோரு வாழ்த்து.
விற்பனைக்கு ஒரு படகு மோட்டார்,
படத்தில் பாதி அதைத் தூக்கிப் பிடித்த கை.
உங்கள் மனதில் என்ன என்று கேட்டுவிட்டு
காத்திருக்கும் ஒரு வெற்றுப் பெட்டி.

நான் பார்ப்பதில்லை.
(இவ்வளவும் பார்த்திருக்கிறேன்தான்.)
கண்ணைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டு
வலது மூலை, கீழே, கடைசி வரி.
திறந்து கிடக்கும் அடுத்த வீட்டுக் கதவை
எட்டிப் பார்க்காமல்
இழுத்துச் சாத்திவிட்டுப் போவதுபோல.

ஒரு வியாழக்கிழமை
தூசி துடைக்கும் துணி ஸ்பேஸ் பாரில் பட்டது.
ஒரே ஒரு வெற்றிடம். அவ்வளவுதான்.
மறுமுனையில் மூன்று புள்ளிகள் துள்ளின.

"அப்பா, எழுதுறியா?"

அடுப்பைத் தொட்டவள்போல் கையை எடுத்தேன்.
மீண்டும் புள்ளிகள்.

"சரி, மெதுவா எழுது. நான் இருக்கேன்."

பெயர் யஸ்னா.
படத்தில் மருத்துவமனைச் சீருடை,
பின்னால் புந்தா அரேனாஸின் காற்றில்
ஒரு பக்கமாகவே வளர்ந்த மரம்.
இந்தமுறை கண் மங்கவில்லை எனக்கு.
ஆனாலும் வலது மூலை, கீழே,
கடைசி வரி.

மறுநாள் சொன்னேன்:
எலியேசர், தினமும் வெளியேற மறந்துவிடுகிறீர்கள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"மறக்கலை, நோல்ஃபா.
அவளுக்கு ராத்திரி டியூட்டி.
என் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சா
நான் முழிச்சிருக்கேன்னு நினைச்சுப்பா.
ஆனா ஏழு மணிக்கு எப்படியோ அணைஞ்சுடுதாம்.
பாவம், உங்க கம்ப்யூட்டருக்கும் வயசாயிடுச்சு."

மழை ஜன்னலில் கிடைமட்டமாக எழுதிக்கொண்டிருந்தது.
ஏப்ரலிலிருந்து எண்ணினேன்.
ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

சுவரில் விதி ஒட்டியிருக்கிறது.
தட்டச்சு செய்தவள் நான்,
டேப் ஒட்டியவளும் நான்:
உங்கள் பாதுகாப்புக்காக
கணக்கிலிருந்து வெளியேறவும்.

ஆளில்லாத பக்கத்தில்
பச்சை எவ்வளவு நேரம் தாங்குமென்று தெரியவில்லை.
பத்து நிமிடம் என்கிறான் தபால்கார ரெனெ.
அவனுக்கு எல்லாமே பத்து நிமிடம்தான்.

இன்று ஏழு மணிக்கு
ஒன்று, இரண்டு, நான்கை நிறுத்தினேன்.
மூன்றில் திரையை மட்டும் அணைத்தேன்.
கோட்டை மாட்டினேன். விளக்கை அணைத்தேன்.
சாவியைப் பூட்டில் விட்டவள்
திரும்பி வந்து
இருட்டில் தடவி
ஸ்பேஸ் பாரை ஒருமுறை தொட்டேன்.