பீப் சத்தத்துக்குப் பிறகு

சலவை நிலையத்துக் கண்ணாடியில்
ஒட்டியிருந்தது அந்தத் தாள்:
அறை உண்டு. பெண் தேவை. டிராம் பக்கம்.
அடியில் எண்ணெழுதிக் கத்தரித்துவிட்ட
பத்துக் கீற்றுகளில் எட்டைக் காணோம்.
எட்டுப் பேர் எனக்கு முன்னால் பேசியாயிற்று,
எட்டுப் பேரும் என்னைவிட இளையவர்கள்
என்று ஏனோ உறுதியாகத் தோன்றியது.
ஒன்பதாவதைக் கிழித்தேன்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
பத்தாவதையும்.

நான்கு நாள் ஒத்திகை,
அடுமனையின் பின்கட்டில், மாவு மூட்டைகளிடம்.
வணக்கம், என் பெயர் போக்னா.
மூட்டைகள் அசையவில்லை.
வயது நாற்பத்துமூன்று என்பதா,
பணிபுரியும் பெண் என்று நிறுத்திக்கொள்வதா?
இரவு வேலை, நான் இருப்பதே தெரியாது என்று
சொல்லிப் பார்த்தேன்.
பேய் வாடகைக்கு வந்ததுபோல் இருந்தது.
குறட்டை விடுவேன் என்று ஜெனோன் சொன்னது
பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை,
அதுவும் பிரியும்போது.
அது கணக்கில் வருமா?

சிரித்துக்கொண்டே பேசு,
அந்தப் பக்கம் கேட்கும் என்றாள் தனுதா,
அடுப்பிலிருந்து தட்டை இழுத்தபடி.

ஆகவே சிரித்தேன்,
க்டான்ஸ்க் நகரத்து ஜனவரிக் குளிரில்,
டிராம் நிறுத்தத்தில், தன்னந்தனியாக.
ஒரு சிறுவன் தன் அம்மாவின் பின்னால் போய் நின்றான்.

ஆறு மணி அடித்து
ஏழாவதில் ஒரு குரல்:
யகோதா பேசுகிறேன், இப்போது எடுக்க முடியவில்லை,
பீப் சத்தத்துக்குப் பிறகு சொல்லுங்கள்.
மூட்டைகள் இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

சொன்னேன்.
புகைப்பதில்லை, விருந்தாளிகள் இல்லை,
வாடகை மாதத்தின் முதல் தேதி,
தங்கள் அழைப்பை மதிப்புடன் எதிர்பார்க்கிறேன்.
வங்கிக் கடிதம் வாய் திறந்து பேசியதுபோல
ஒரு சொல்லும் பிசகாமல்.
தடித்த கையுறையால் அழுத்தி அணைத்து
கோட்டுப் பைக்குள் போட்டேன்.

இரவு பதினொன்றரை.
முழங்கைவரை பிசைந்த மாவு.
தனுதாதான் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள்.

யகோதா பேசுகிறேன்.
உங்கள் செய்தி நான்கு நிமிடம் ஓடுகிறது.

முதல் நிமிடம் எனக்குத் தெரியும்.
மற்ற மூன்று என் பையிலிருந்து போயிருக்கிறது:
தும்மல். தும்மல். இன்னொன்று.
பன் ரொட்டியைப் பறித்த கடற்புறாவிடம்
திருட்டுப் பயலே, சரி, பாதியாவது மிச்சம் வை என்றது.
வராத டிராமின் பரம்பரையையே இழுத்து
நான் திட்டியது.
பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு அந்தப் பறவையிடமே, தணிந்த குரலில்:
கடைசிக் கீற்றையும் நான்தான் கிழித்தேன்,
வேறு யாரும் அவளுக்குக் கூப்பிடக் கூடாது என்று.

காது சுட்டது. அடுப்பு தூரத்தில் இருந்தது.

மன்னிக்க வேண்டும், என்று தொடங்கினேன்.
குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருடமாகிறது,
என்றாள் அவள், நான் சொன்னதே காதில் விழாதவள்போல.
உள்ளே இருப்பவர் பாட வேண்டும், அதுதான் வழக்கம்.
முன்பு இருந்தவள் நன்றாகப் பாடுவாள்.
உங்களுக்குப் பாட வருமா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
நான்கு நாள் ஒத்திகையும் ஆமாம் என்றுதான்
நாக்கு நுனியில் வந்து நின்றது.

வராது, என்றேன். சத்தமாக இருமுவேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது,
அல்லது அவள் சிரித்தாள்.
வியாழக்கிழமை வாருங்கள், நான்காவது மாடி,
லிஃப்டை நம்ப வேண்டாம்.
எட்டுப் பேரில் இருவரும் அன்றைக்குத்தான் வருகிறார்கள்.

சிரித்துக்கொண்டே பேசினாயா? என்றாள் தனுதா.
நினைவில்லை.
கையைத் துடைத்து போனை வாங்கி
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்,
திரை இருண்ட பிறகு
இன்னொரு முறையும்.