பத்துக் கட்டத்தில் கொக்குவில்

மாசியில் ஒரே இரவில் எழுதியது.
ஆவணியில் திறந்தால்
எழுதியவள் ஆரென்று எனக்கே தெரியவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி,
நடுவில் தண்ணி குடிக்கவும் நிற்காத ஓட்டம்.
மாறிகளின் பெயர்: அ, அ2, அஅ,
கடைசி, கடைசி_புதிது, உண்மையான_கடைசி.
ஒரேயொரு குறிப்பு:
"தொடாதே. ஏனோ வேலை செய்கிறது."

கே.கே.எஸ். வீதிப் பக்க ஜன்னலைச் சாத்தினேன்.
ஹோர்ன் சத்தம் அப்படியும் வந்தது.

முதலில் சொற்களை வெளியே எடுத்தேன்.
விளாம்பழம், கிடுகு, தும்புத்தடி, இறங்குதுறை,
நாற்பது சொல் நிபந்தனைகளின் இடுக்கில்
மினிபஸ் மிதிபலகையில் தொங்குகிறவர்களாய்க் கிடந்தன.
தனிக் கோப்பொன்று கொடுத்தேன்,
ஆளுக்கொரு வரி, இருந்து வரட்டும்.
தும்புத்தடி இரண்டு தரம் இருந்தது.
ஒன்றை அழித்தேன்.

ஊகம் சரியா என்று பார்க்கும் ஐந்து வரி
ஏழு இடத்தில் ஒட்டியிருந்தது.
ஆறில் ஒரே மாதிரி.
ஏழாவதில் ஒரு சமக்குறி குறைவு:
அந்த வழியால் வந்தவனுக்கு
ஒரு பிழை இலவசம்.
பள்ளிக்கூடப் போட்டியில் முதற்பரிசு எடுத்த பெடியன்
எந்த வழியால் வந்தானோ.
ஏழையும் ஒன்றாக்கினேன். பத்து நிமிடம்.
அதற்கொரு பெயர் வைக்க முக்கால் மணித்தியாலம்.

பிறகு கணக்கு.
கொக்குவில் என்ற சொல்லுக்குத்
திரையில் பத்துக் கட்டம்.
விரல் விட்டு எண்ணினேன்,
கொ, க், கு, வி, ல்.
ஐந்து.
இயந்திரமோ
மெய்யைத் தனியாக, குறியைத் தனியாக,
புள்ளியையும் தனியாக எண்ணியிருக்கிறது,
விசுக்கோத்தை நொறுக்கிவிட்டு
எத்தனை விசுக்கோத்து என்று கேட்கிறமாதிரி.
பிடிக்க மெய்யில்லாத கொம்பொன்று
புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.
வெறும் புள்ளியை ஊகி என்றால்
எந்தப் பிள்ளை எதைத் தட்டும்?
உதிர்ந்ததையெல்லாம் அதனதன் மெய்யோடு
சேர்த்துக் கட்டி ஓடவிட்டபோது
காங்கேசன்துறை ரயில் கடந்து போனது.
ஐந்து கட்டம்.
ஊர் தன் அளவுக்கு வந்திருந்தது.

கீழ்வீட்டு டிலக்ஷிகா
வைஃபை கடவுச்சொல் கேட்டு ஏறி வந்தாள்.
விளையாடிப் பார் என்றேன்.
தலை வந்தது. உடல் வந்தது.
ஒரு கை, மறு கை, ஒரு கால்.
ஆறாவது பிழையில் ஆள் முழுதாகத் தொங்கினார்.
அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, பிழை விட்டது நானல்லோ.
அவரை ஏன் தூக்கினவை?"

எங்கோ ஒரு பாடத்தில் படித்த விளையாட்டு.
அந்தக் கயிற்றை நான்
கோடென்றுதான் எண்ணியிருந்தேன்:
நூற்றெண்பத்தெட்டாம் வரி,
நேர்கோடு, நீளம் நாற்பது.

காலையில்தான் படம் வரைவதை
மற்றதிலிருந்து பிரித்து வைத்திருந்தேன்.
நேற்றென்றால்
பதினொரு இடத்தில் வெட்டவேண்டும் அவரை இறக்க.
இன்று ஒரே இடம்.
இறக்கினேன்.

அந்த இடத்தில் ஒரு சைக்கிள்.
பிழைக்கொன்று கழரும்:
மணி, கரியர், செயின், பெடல்,
முன் சில்லு, பின் சில்லு.
"ஹாண்டில்?"
"அது மிஞ்சும். பிடிச்சுக்கொண்டு நட."

இப்போது அவள் வேண்டுமென்றே தோற்கிறாள்,
பின் சில்லு உருண்டு
திரையை விட்டுப் போவதைப் பார்க்க.
இதை எந்தச் சோதனையிலும் நான் யோசிக்கவில்லை.

போகமுன் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள்.
சேர்த்தேன்.
ஐந்து கட்டம் வந்தது.
"நாலல்லோ, அக்கா.
டி, ல, க்ஷி, கா."
க்ஷ ஒன்றா, இரண்டா?
நூற்று நாற்பது வரியில் எங்கும் அதற்கு விடையில்லை.
பழைய குறிப்பை அழித்துவிட்டு
அதே இடத்தில் எழுதினேன்:
"இங்கே எனக்கும் நிச்சயமில்லை.
பெயருக்குரியவள் நாலு என்கிறாள்."