இரண்டாம் கம்ப்ரசர் நின்றுவிட்டது

ராத்திரி இரண்டு பத்துக்கு மணியடிக்கிறது என்றாள்
பரேலிலிருந்து கல்பனா சாவந்த்.
தினமும். ஞாயிறு உட்பட.
எடுத்தால் யாருமில்லை,
தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஒரு கீச்சு,
அப்புறம் இரைச்சல், அப்புறம்
வைத்துவிடுகிறார்கள்.
எம்டிஎன்எல் தேடிக் கொடுத்த எண்
எங்கள் சிவ்ரி குளிர்கிடங்கினுடையது.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.
கம்ப்யூட்டர் செய்யும் பாவமெல்லாம்
அங்கே என் கணக்கில்தான் ஏறும்.

இறால் பெட்டிகள் அடுக்கிய மூன்றாம் அறைக்குப் பின்னால்
யாரும் அணைக்க மறந்த ஒன்று.
திரை செத்து வருஷமிருக்கும்.
வேறு திரை தூக்கிப்போய் மாட்டினேன்.
கறுப்பில் பச்சை எழுத்து:
பேஜருக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள்,
தொண்ணூற்றேழில் நாலு ஃப்ளாப்பியில்
நானே கொண்டுவந்து போட்டது.

அதற்கு முன் ஆபரேட்டர் பெண்ணிடம்
எழுத்தெழுத்தாய்ச் சொல்லவேண்டும்.
ஒரு மழை இரவில் 'கம்ப்ரசர்' என்பது
'கம் பிரதர்' ஆகிப் போய்ச் சேர்ந்தது.
கொன்சால்விஸ் சிரித்துக்கொண்டே மெதுவாய் வந்தான்.
இரண்டு டன் வாவல் நாறிய பிறகுதான்
முதலாளி காசோலையில் கையெழுத்திட்டார்.

அறையில் சூடு ஏறினால்
கம்ப்யூட்டரே மோடத்தை உசுப்பும்,
மோடம் பேஜர் நிலையத்தைக் கூப்பிடும்,
நிலையம் வானத்துக்குச் சொல்லும்,
எங்கோ பாந்த்ராவில்
கொன்சால்விஸின் இடுப்பு நடுங்கும்.
எண்பது எழுத்துக்குள் எல்லாம் அடங்கணும்.
பதில் அனுப்ப வழியில்லை.
ஆள் வந்து நின்றால் அதுதான் பதில்.

பிறகு எல்லோர் கையிலும் செல்போன்.
பேஜர் கம்பெனி பூட்டிக்கொண்டது.
கொன்சால்விஸ் டொரண்டோவில் பனி அள்ளுகிறானாம்.
இரண்டாம் கம்ப்ரசரை
குர்லா பழைய இரும்புக்காரன் எடைபோட்டு எடுத்துப்போனான்.
அறுத்துவிட்ட வயர் சுவரில் தொங்க,
கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
நின்றுவிட்டது. சொல்லணும்.

லைன் காலியாக இருக்கும் நேரமென்று
இரண்டு பத்தைக் குறித்தவனும் நான்தான்.
எத்தனை தடவை தோற்றால் விட்டுவிடலாம் என்று
குறிக்க மறந்தவனும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.
மூன்று வருஷம் கீழே கீழே ஓடியது திரை.
நிலையத்தின் செத்த எண்ணை
யாரோ தூசி தட்டி ஒரு புது இணைப்புக்குக் கொடுத்திருக்கவேண்டும்:
ஜூன் பதினெட்டிலிருந்து வேறொரு சொல்.
குரல்.
எதிரே மோடம் இல்லாமல் மனுஷர் எடுத்தால்
அது அப்படித்தான் எழுதும்.
குரல். மீண்டும் முயல்க.
குரல். மீண்டும் முயல்க.

மன்னிப்பு கேட்கப் போன் செய்தேன்.
"என்னதான் சொல்லிற்று அது?"
இரண்டாம் கம்ப்ரசர் நின்றுவிட்டது, உடனே வரவும்.
"அவ்வளவுதானா?"

மஸ்கட்டிலிருக்கும் புருஷன்
பேசக் காசில்லாமல் வெட்டுகிறான் என்று
முதல் மாதம் நினைத்தாளாம்.
இரண்டாம் மாதம், அங்கே அவனுக்கு வாய்த்த எவளோ என்று.
மூன்றாம் மாதம்
எடுத்ததுமே பேசத் தொடங்கிவிட்டாளாம்,
பிள்ளை தூங்குவதால் தணிந்த குரலில், மராத்தியில்,
அவனிடம் கேட்க நினைத்ததையெல்லாம்.
அது பாட்டுக்குக் கீச்சிட்டதாம்.

"நீங்க கேட்டீங்களா, அதையெல்லாம்?"
இல்லை என்றேன். ஒரு சொல்தான் பதிவாகும்.
என்ன சொல் என்று அவள் கேட்கவில்லை.
போனை வைக்கவுமில்லை, கொஞ்ச நேரம்.

வரிசையில் நின்ற செய்தியை நீக்கினேன்.
பதிவேட்டை அப்படியே விட்டேன்.
மேனேஜர் கேட்டால் காட்டவேண்டும்:
தொண்ணூற்றாறு இரவு,
ஒன்றுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா.